நாலு கோடு போட்டதுக்கா காசு?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. தாம்பரம் தாண்டி ஒரு கிரவுண்டு மனை வாங்குகிறீர்கள். 2,400 சதுர அடி. சதுர அடி நாலாயிரம் என்று வைத்துக்கொண்டால் 96 லட்சம். தரகருக்கு இரண்டு சதவீதம், அதாவது 1,92,000 ரூபாய். அவர் செய்தது என்ன? மூன்று ஞாயிற்றுக்கிழமை பைக்கில் அழைத்துப் போய் நாலைந்து மனை காட்டினார். ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில் இளநீர் வாங்கிக் கொடுத்தார். பத்திரம் பதிவான அன்று சாயங்காலமே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறீர்கள். கொஞ்சம் குறைக்கலாமே என்று நினைத்தால்கூட, "நல்ல நாளும் அதுவுமா எதுக்கு?" என்று வீட்டில் தடுத்துவிடுவார்கள்.

அதே மனையில் 1,500 சதுர அடிக்கு ஒரு வீடு. சதுர அடிக்கு 2,500 ரூபாய் போட்டால் முப்பத்தேழரை லட்சம். ஆர்க்கிடெக்டுக்கு ஐந்து சதவீதம் என்றால் 1,87,500. தரகர் வாங்கியதைவிட 4,500 ரூபாய் கம்மி. வேலையோ பதினாறு மாதம். இந்த இடத்தில்தான் நம் குரல் மாறுகிறது.

"நாலு கோடு போட்டுத் தர்றதுக்கு ரெண்டு லட்சமா தம்பி? என் மச்சினன் பையன் சிவில் முடிச்சிருக்கான். சும்மாவே போட்டுத் தந்துடுவான்."

நான் படித்தது பி.காம். தூண், வளைவு, வெளி, ஒளி என்று ஆர்க்கிடெக்டுகள் பேச ஆரம்பித்தால் தலையாட்டுவதோடு சரி. ஆனால் வரவு-செலவு தெரியும். கட்டடக் கலையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கட்டடத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். அதை வரைந்த ஆபீஸில் அந்த மாதம் சம்பளம் போட்டார்களா என்று யாரும் கேட்பதில்லை. அதை இந்த வாரம் கேட்டுப் பார்ப்போம்.

* * *

இந்தத் தொழிலைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்ட கதைகள் எல்லாமே ஹீரோ கதைகள். ஆர்க்கிடெக்சர் படிக்கிற பிள்ளைகள் முதல் வருடமே கையில் எடுக்கிற நாவல், அயன் ராண்ட் 1943-ல் எழுதிய 'தி ஃபவுண்டன்ஹெட்'. அதன் நாயகன் ஹோவர்ட் ரோர்க் யாருக்கும் வளைந்து கொடுக்க மாட்டான். வேலை வராமல் ஒரு கட்டத்தில் ஆபீஸை மூடிவிட்டு கருங்கல் குவாரிக்குக் கூலி வேலைக்குப் போகிறான். பிற்பாடு, தன் டிசைனை மாற்றிக் கட்டிவிட்டார்கள் என்று ஒரு குடியிருப்பையே வெடி வைத்துத் தகர்க்கிறான். படிக்கும்போது ரத்தம் சூடாகத்தான் செய்கிறது. ஆனால் பி.காம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தால் வேறு கேள்வி வருகிறது. ஆபீஸ் மூடுவதைத் தியாகமாகவும் பாக்கி வசூலிப்பதை அற்பமாகவும் பார்க்கிற மனசை இருபது வயதில் ஊட்டினால், முப்பது வயதில் அவர்கள் எப்படி ஆபீஸ் நடத்துவார்கள்?

நிஜக் கதைகளும் அதே ரகம்தான். அகமதாபாத் ஐ.ஐ.எம். வளாகத்தையும் டாக்காவில் பங்களாதேஷ் நாடாளுமன்றத்தையும் வடிவமைத்த லூயி கான், இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய ஆர்க்கிடெக்டுகளில் ஒருவர். 1974 மார்ச்சில் அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில் நியூயார்க் பென் ஸ்டேஷன் கழிவறையில் மாரடைப்பால் இறந்தார். பிலடெல்பியாவில் இருந்த அவருடைய ஆபீஸ் அப்போது தலைக்கு மேல் கடனில் இருந்தது. அவர் மகன் 2003-ல் எடுத்த 'மை ஆர்க்கிடெக்ட்' என்ற ஆவணப் படத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் கண் கலங்குகிறார்கள். நானும் கலங்கினேன். ஆனால் அந்தக் கடனை மேதைமையின் அடையாளம் மாதிரி பேசுவதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த ஆபீஸில் வேலை பார்த்த டிராப்ட்ஸ்மேன்களுக்கும் வீட்டு வாடகை இருந்திருக்கும்.

டென்மார்க்கின் யோர்ன் உட்ஸன் 1957-ல் சிட்னி ஆபரா ஹவுஸ் போட்டியில் ஜெயித்தபோது அவருக்கு வயது 38. வந்திருந்த 233 டிசைன்களில் அவருடையது தேர்வானது. அவரிடம் இருந்தது ஒரு சின்ன ஆபீஸ். 1965-ல் ஆட்சி மாறியது. புது அமைச்சர் கட்டணத்தை நிறுத்தி வைத்தார். ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் 1966 பிப்ரவரியில் உட்ஸன் விலகிக்கொண்டார். கட்டடம் 1973-ல் திறக்கப்பட்டது. 70 லட்சம் டாலரில் முடியும் என்று ஆரம்பித்தது, 10 கோடியே 20 லட்சம் டாலரில் முடிந்தது. அவர் கடைசி வரை திரும்பிப் போய் அதைப் பார்க்கவே இல்லை.

'கலைஞன் கோபித்துக்கொண்டு போனான்' என்று இதைச் சொல்வார்கள். இதில் கோபம் பாதி, ரொக்கத் தட்டுப்பாடு பாதி. காமர்ஸ் வாத்தியார் இதற்கு ஒர்க்கிங் கேப்பிடல் நெருக்கடி என்று ஒரே வரியில் பெயர் வைத்துவிடுவார்.

* * *

சிட்னியை விடுங்கள், ஆதம்பாக்கத்துக்கு வருவோம். இரண்டு பேர் சேர்ந்து ஒரு சின்ன ஆபீஸ் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதச் செலவு: வாடகை 20,000. இரண்டு ஜூனியர்களுக்குத் தலா 25,000 வீதம் 50,000. கரண்ட், இன்டர்நெட், பிரின்ட், சாஃப்ட்வேர் சந்தா 15,000. பெட்ரோல், சைட் செலவு 10,000. ஆடிட்டர், சில்லறை 5,000. மொத்தம் ஒரு லட்சம். வருடத்துக்கு 12 லட்சம். முதலாளிகள் இருவரும் இன்னும் ஒரு பைசா எடுக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

மேலே சொன்ன வீடு மாதிரி ஒன்றுக்கு 1,87,500 வந்தால், விளக்கு எரிய மட்டும் வருடத்துக்கு ஆறரை வீடு வேண்டும். முதலாளிகள் ஆளுக்கு 40,000 எடுத்துக்கொள்ளலாம் என்றால் தேவை 21.6 லட்சமாகிறது. கிட்டத்தட்ட பன்னிரண்டு வீடு. மாதம் ஒரு புது கிளையன்ட். ஒவ்வொரு வீடும் பதினாறு மாதம் இழுக்கும் என்றால், எந்த நேரத்திலும் பதினாறு வீடு ஓடிக்கொண்டிருக்கும். பதினாறு சைட், பதினாறு மேஸ்திரி, 'பூஜை ரூம் ஈசானியத்துல வரலையே' என்று கேட்கிற பதினாறு மாமனார்கள். இரண்டு பேரால் ஆகிற காரியமா?

இன்னொரு இடி பாக்கி. சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டும். நம் ஜோடி ஆளுக்கு நாற்பதாயிரம் எடுக்க ஆசைப்பட்டதுமே கோட்டைத் தாண்டியாயிற்று. 1,87,500-க்கு 18 சதவீதம் 33,750. கம்பெனி கிளையன்ட்டாக இருந்தால் சில வகை வேலைகளில் மட்டும் அதைத் தன் வரியில் கழித்துக்கொள்ள வழி உண்டு. சொந்த வீடு கட்டுகிற ரிட்டயர்டு தாசில்தாருக்கு அது சுத்தமான செலவு. "பில்லெல்லாம் எதுக்கு தம்பி? நமக்குள்ள பேசிக்கலாம்" என்பார். 'நமக்குள்ள பேசிக்கிற' பணம் எந்த லட்சணத்தில் வந்து சேரும் என்பது உங்களுக்கே தெரியும்.

அதைவிடப் பெரிய சிக்கல், பணம் எவ்வளவு வருகிறது என்பதல்ல, எப்போது வருகிறது என்பது. ஆர்க்கிடெக்டின் மூளை வேலையில் பெரும் பகுதி வானம் தோண்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அறைகளின் அமைப்பு, ஜன்னல் அளவு, மாடிப்படி திரும்புகிற இடத்தில் தலை இடிக்காமல் உயரம், பாத்ரூம் பைப் எந்தப் பக்கம் இறங்குவது, சுவிட்ச் போர்டு எங்கே வருவது, எல்லாம் காகிதத்தில் தீர்மானமாகிவிடும். பணமோ பேஸ்மென்ட் முடிந்தால் கொஞ்சம், ரூஃப் கான்கிரீட் போட்டால் கொஞ்சம், பூச்சு வேலைக்குப் பிறகு கொஞ்சம் என்று வரும். வங்கிக் கடன் தவணை தாமதமானால் மேஸ்திரிக்குக் கொடுப்பதை நிறுத்த முடியாது, மறுநாள் ஆள் வராது. கம்பிக் கடைக்கு நிறுத்த முடியாது, லாரி வராது. நிறுத்தினால் எதுவும் நிற்காது என்று நாம் நினைக்கிற ஒரே ஆள் ஆர்க்கிடெக்ட். ஏனென்றால் கோடு ஏற்கெனவே நம் கைக்கு வந்துவிட்டது.

* * *

எனக்குத் தெரிந்து அப்படி ஒரு ஜோடி இருந்தது. ஒரே காலேஜ், கணவன் மனைவி. 2017-ல் ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு ரூம் பிடித்து ஆரம்பித்தார்கள். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். அந்தப் பெண் சைட்டுக்குத் தனியாகப் போனால், "சார் வரலீங்களா மேடம்?" என்றுதான் மேஸ்திரி முதலில் கேட்பாராம். சென்ட்ரிங் அடித்ததில் தப்பு இருக்கிறது என்று அவர் டேப் பிடித்துக் காட்டி, பிரித்து அடிக்க வைத்த பிறகு அந்தக் கேள்வி நின்றது.

2021-ல் ஆபீஸை மூடினார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கொரோனா என்று பதில். எனக்கு அவர்களுடைய கணக்கு நோட்டைப் பார்க்கிற சந்தர்ப்பம் கிடைத்தது. கொரோனாவுக்கு முந்தைய பாக்கியே பதினோரு பேர் பெயரில் 4,60,000 ரூபாய் இருந்தது. எல்லாமே கடைசித் தவணை. "பால் காய்ச்சிட்டாங்கன்னா பீஸ் வராது சார்" என்றார் அவர். ஏன் கேட்கவில்லை என்றதற்கு அந்தப் பெண் சொன்னார்: "கேட்டா மனஸ்தாபம் வரும். அவங்க வேற யாருக்கும் எங்களை சிபாரிசு பண்ண மாட்டாங்க."

அவர்கள் வரைந்த வீடுகளில் ஒன்று மடிப்பாக்கத்தில் இருக்கிறது. மே மாதம், மதியம் மூன்று மணிக்குப் போயிருந்தேன். மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல் எதுவும் இல்லை. அந்தப் பக்கமாக மாடிப்படியையும் பாத்ரூமையும் ஸ்டோரையும் தள்ளியிருந்தார்கள். வெயிலை அவை வாங்கிக்கொள்கின்றன. படுக்கையறை ஜன்னல்கள் கிழக்கிலும் தென்கிழக்கிலும். கடல் காற்று கிளம்பியதும் நேராக உள்ளே வருகிறது. மேலே போய் வெளியேற படிக்கட்டின் உச்சியில் ஒரு திறப்பு. ஏ.சி. ஓடவில்லை, ஃபேன் மட்டும்தான். வீட்டுக்காரர் பெருமையாகச் சுற்றிக் காட்டினார். "பக்கத்து வீட்ல ஏ.சி. நிக்கறதே இல்ல சார். கரண்ட் பில்லுல பாதிகூட எனக்கு வர்றதில்ல. அந்தப் பசங்களுக்குத்தான் புண்ணியம்" என்றார்.

பதினோரு பேரில் அவரும் ஒருவர்.

ஜன்னலைக் கிழக்கில் வைத்தாலும் மேற்கில் வைத்தாலும் செங்கல் செலவு ஒன்றுதான், கண்ணாடி செலவு ஒன்றுதான். வித்தியாசம் அந்த நாலு கோட்டில் மட்டும். அது முப்பது வருடம் கரண்ட் பில்லில் தெரியும். சிமென்ட் மூட்டையை எண்ணத் தெரிந்த நமக்கு இதை எண்ணத் தெரியவில்லை.

இன்று அந்தக் கணவர் ஒரு பெரிய கட்டுமானக் கம்பெனியில் இருக்கிறார். ஒரே பிளானை முன்னூறு ஃபிளாட்டுக்கு அடுக்குகிற வேலை. மனைவி ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். நஷ்டம் அவர்களுக்கு மட்டும் இல்லை. மடிப்பாக்கத்தில் அடுத்த தெருவில் வீடு கட்டப் போகிறவருக்கு அந்த ஜன்னல் கிடைக்காது.

* * *

சரி, கட்டணத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டோம், லாபம்தானே என்று நினைக்கிறீர்களா? கணக்குப் பாடத்தில் ஒரு அடிப்படை: செலவு எங்கேயும் மறைந்து போகாது, வேறு தலைப்பின் கீழ் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்தத் தொழிலில் அது உட்காரும் இடங்கள் மூன்று.

முதல் இடம், பயிற்சிக்கு வரும் மாணவர்கள். பி.ஆர்க். ஐந்து வருடப் படிப்பு. அதில் ஒரு பகுதி ஏதாவது ஆபீஸில் பயிற்சி எடுக்க வேண்டும். 'கத்துக்கத்தானே வந்திருக்கே' என்று சொல்லி, ராத்திரி இரண்டு மணி வரை வேலை வாங்கிவிட்டு பஸ் காசுகூடக் கொடுக்காத ஆபீஸ்கள் உண்டு. இதற்கு ஒரு புராணமும் தயாராக இருக்கும். 2018-ல் பிரிட்ஸ்கர் பரிசு வாங்கிய முதல் இந்தியர் பாலகிருஷ்ண தோஷி. அவர் 1951-ல் பாரீஸில் லெ கார்பூசியேவிடம் சேர்ந்தபோது முதல் எட்டு மாதம் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்தார். உண்மைதான். அதிலிருந்து 'சம்பளம் கேட்காதவன்தான் தோஷி ஆவான்' என்று பாடம் எடுப்பது அநியாயம். எட்டு மாதம் பட்டினி கிடந்து மேதையானவரை நமக்குத் தெரிகிறது. எட்டாவது வாரமே ஊருக்கு ரயில் ஏறியவர்களை யாருக்குத் தெரியும்? அப்பா கையில் பணம் இருக்கிற பிள்ளை மட்டுமே தாங்கக்கூடிய ஒரு பயிற்சியைத் திறமைத் தேர்வு என்று சொல்லிக்கொள்ள முடியாது. 2019-ல் லண்டன் சர்பென்டைன் கேலரி, அந்த வருடப் பந்தலை வடிவமைக்க ஜப்பானின் ஜுன்யா இஷிகாமியை அழைத்தது. அவர் ஆபீஸில் சம்பளமில்லாத பயிற்சியாளர்களை வைத்து வேலை வாங்குவது வெளியே தெரிந்து சர்ச்சையானது. இந்த வேலையில் ஈடுபடுகிற அத்தனை பேருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று கேலரி சொல்லிவிட்டது. பாருங்கள், பணம் கொடுக்கிற கிளையன்ட் கேட்டால் நடக்கிறது.

இரண்டாவது இடம், டைல்ஸ் கடை. எல்லோரையும் சொல்லவில்லை. ஆனால் தொழிலில் இருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், மழுப்பலாகச் சிரிப்பார்கள். கிளையன்ட்டை ஒரு குறிப்பிட்ட கடைக்கு அழைத்துப் போனால் கமிஷன். சானிட்டரி, லைட், கதவு, மாடுலர் கிச்சன், எல்லாவற்றிலும் உண்டு. பீஸைப் பேரம் பேசி ஒரு லட்சம் குறைத்த சந்தோஷத்தில் இருப்பீர்கள். அந்த ஒரு லட்சம் வேறு வாசல் வழியாக உங்கள் பாக்கெட்டிலிருந்தே போயிருக்கும். கூடவே, உங்களுக்காக டைல்ஸைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் கடைக்காரரின் ஆளாகவும் மாறியிருப்பார். இது எந்தக் கணக்கில் லாபம்?

மூன்றாவது இடம், சைட். பீஸ் கட்டாத வேலைக்கு ஆர்க்கிடெக்ட் வாரம் ஒரு முறை வரமாட்டார், மாதம் ஒரு முறை வருவார். அவர் வராத மூன்று வாரத்தில்தான் லிண்டல் உயரம் மாறும், சன்ஷேடு காணாமல் போகும், 'எல்லாரும் இப்படித்தான் சார் பண்றாங்க' என்று கம்பி இடைவெளி அகலமாகும்.

* * *

'பிளான் ஃப்ரீ' என்று புறநகரெங்கும் போர்டு பார்க்கிறோம். சதுர அடி ரேட்டில் கட்டித் தருகிற காண்ட்ராக்டர்கள் வைத்தது. ஃப்ரீ என்று எதுவும் இல்லை, ரேட்டுக்குள் இருக்கிறது என்பது ஒரு புறம். முக்கியமான விஷயம் வேறு. காண்ட்ராக்டரே பிளானும் போட்டால், வேலை செய்கிறவரும் வேலையைச் சரிபார்க்கிறவரும் ஒருவரே. கேஷியரே ஆடிட்டராகவும் இருக்கிற கம்பெனியில் நீங்கள் ஷேர் வாங்குவீர்களா? வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு மட்டும் கட்டுகிறோம்.

இன்னொரு வேடிக்கை. 1972-ல் வந்த ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின் கீழ் ஒரு கவுன்சில் இருக்கிறது. அது 1989-ல் தொழில் நடத்தை விதிகளை வகுத்தபோது, ஆர்க்கிடெக்ட் தன் சேவையை விளம்பரம் செய்யக் கூடாது, இன்னொரு ஆர்க்கிடெக்டின் வேலையைத் தட்டிப் பறிக்கக் கூடாது என்றெல்லாம் எழுதி வைத்தது. கண்ணியமான விதிகள்தான். ஆனால் போட்டி இன்னொரு ஆர்க்கிடெக்டோடு இல்லையே? போர்டு வைத்த காண்ட்ராக்டரோடு. அவருக்கு இந்த விதி கிடையாது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் தெளிவாக்கிவிட்டது: இந்தச் சட்டம் பாதுகாப்பது 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டத்தை மட்டும்தான், அந்த வேலையை மற்றவர்கள் செய்வதை அது தடுக்கவில்லை. தீர்ப்பில் எனக்குக் குறையில்லை. ஆர்க்கிடெக்ட் என்ற சொல் நம் ஊருக்கு வருவதற்கு ஆயிரம் வருடம் முன்பிருந்தே மேஸ்திரிகள் நன்றாகத்தான் கட்டினார்கள். ஆனால் வீடு கட்டுகிற நமக்கு அதில் ஒரு சேதி உண்டு. சட்டம் உங்களுக்காகப் பொறுக்கித் தராது. தகுதியை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதேபோல, 2024 ஜூலையில் தமிழக அரசு 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு, சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி என்று கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் நம்மில் பல பேருக்கு ஆர்க்கிடெக்ட் என்றால் 'அப்ரூவல் வாங்கித் தர்றவர்'. அந்த ஓட்டம் போனதும் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: "அப்புறம் இவர் எதுக்கு?" அனுமதிக்குக் கொடுக்கிற பிளான், விதியை மீறவில்லை என்று அரசுக்குச் சொல்லும். வீட்டில் காற்று வருமா என்று அது சொல்லாது. அதைக் கேட்பது கார்ப்பரேஷன் வேலையும் இல்லை.

* * *

இதுவரை நம்மைத் திட்டியாயிற்று. இனி அவர்களையும் கொஞ்சம் திட்டாவிட்டால் தராசு சாயும்.

முதல் குற்றம், எழுதி வாங்காதது. முப்பத்தேழு லட்ச ரூபாய் வேலையை வாய்ப் பேச்சில் ஆரம்பிக்கிற இளம் ஆர்க்கிடெக்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன். எத்தனை முறை மாற்றித் தருவோம், எத்தனை முறை சைட்டுக்கு வருவோம், எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கக் கூச்சம். எட்டாவது முறை கிச்சனை இடம் மாற்றச் சொல்லும்போது உள்ளுக்குள் பொருமிக்கொண்டே மாற்றித் தருகிறார்கள். ஐந்து வருடப் படிப்பில் தொழில் நடத்துவது பற்றி ஒரு பேப்பர் இருக்கிறது. கடைசிப் பக்கம் வந்து சேர்வதற்குள் பரீட்சை வந்துவிடும். ரோர்க்கைப் படித்த பிள்ளைக்கு ரசீது போடத் தெரியவில்லை.

இரண்டாவது குற்றம், சதவீதம். கட்டுகிற செலவில் இவ்வளவு சதவீதம் என்று கட்டணம் வாங்கும்போது, கிளையன்ட் மனதில் ஒரு சந்தேகம் நியாயமாகவே வருகிறது. 'செலவு ஏற ஏற இவருக்கு லாபம். இவர் எனக்கு எப்படிச் சிக்கனம் சொல்வார்?' இதற்கு அவர்களிடம் நேரடியான பதில் இல்லை.

லாரி பேக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1917-ல் பர்மிங்ஹாமில் பிறந்து, 1945-ல் இந்தியா வந்து, 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். பெரிய ஆபீஸ் என்று எதுவும் வைத்துக்கொள்ளாமல், பழைய காகிதங்களின் பின்பக்கம் படம் போட்டு, கொத்தனார்களோடு சைட்டில் நின்றே கட்டினார். திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் அவர் கைவண்ணம். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவில் காற்றுக்கு இடம் விட்டு அடுக்குகிற முறையை அவர் பரப்பினார். எலிப்பொறிக் கட்டு என்று அதற்குப் பெயர். சுவரில் ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சம், வெயிலும் உள்ளே இறங்காது. பூசவும் வேண்டாம் என்று விட்டுவிடுவார்.

இப்போது அவரைச் சதவீதக் கணக்கில் உட்கார வைத்துப் பாருங்கள். செங்கல்லைக் குறைத்ததற்கு அவர் கட்டணம் குறையும். பூச்சை விட்டதற்கு இன்னும் குறையும். யோசித்து மிச்சம் பிடித்ததற்கு அபராதம், யோசிக்காமல் கிரானைட் ஒட்டியதற்கு போனஸ். இப்படி ஒரு சம்பள முறையை வேறு எந்தத் தொழிலிலும் நான் பார்த்ததில்லை.

ஆகவே என் சிபாரிசு: சதவீதத்தை விட்டுவிட்டு, வரைபடங்களுக்கு ஒரு தொகை, ஒவ்வொரு சைட் விசிட்டுக்கும் ஒரு தொகை, மூன்று முறைக்கு மேல் மாற்றினால் தனித் தொகை என்று பேசுங்கள். இரண்டு தரப்புக்கும் இதுதான் மரியாதை. வேலை முன்னால் நடப்பதால் பணத்தின் பெரும் பகுதியும் முன்னால் வரவேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு மிஞ்சுவது சின்னத் தொகையாக இருக்கட்டும். பேக்கரை வணங்குகிற இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அவருடைய எளிமையைப் பின்பற்றுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் எளிமை வேறு, பாக்கியைக் கேட்காமல் இருப்பது வேறு.

* * *

"எல்லாம் சரி, நல்ல ஆர்க்கிடெக்ட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" நியாயமான கேள்வி. கம்ப்யூட்டரில் கலர் கலராகக் காட்டுகிற எலிவேஷனைப் பார்த்து மயங்காதீர்கள். அவர் கட்டி நாலைந்து வருடம் ஆன ஒரு வீட்டுக்கு மதிய வெயிலில் போங்கள். சமையலறையில் நிற்கிற அம்மாவிடம் பேசுங்கள். மழையில் எந்த ஜன்னலில் தண்ணீர் வருகிறது என்று கேளுங்கள். பிறகு அவர் ஆபீஸில் அந்த வீட்டின் வரைபடக் கட்டைப் புரட்டிப் பாருங்கள். கதவு, ஜன்னல், படி, பைப், ஒயரிங், பாத்ரூம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஷீட், முப்பது நாற்பது இருந்தால் அவருக்குக் கொடுக்கிற பணம் வீண் போகாது. ஒரே ஒரு ஏ-4 தாளில் வீடு முடிந்துவிட்டால், அதுதான் நிஜமாகவே நாலு கோடு. அதற்கு ரெண்டு லட்சம் அதிகம்தான்.

கடைசியாக ஒன்று. இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது கிரகப்பிரவேசத்துக்குத் தேதி குறித்திருக்கலாம். சமையல்காரர் அட்வான்ஸ், பந்தல், ஐயர் தட்சிணை, மேஸ்திரிக்கு வேட்டி சட்டை, வாஸ்து பார்த்து ஒரு கதவை இடம் மாற்றச் சொன்னவருக்குக் கவர் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருப்பீர்கள். அதில் 'ஆர்க்கிடெக்ட் பாக்கி' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பால் பொங்குவதற்கு முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.